கீசருக்குள் ஒரு ஜாமீன்தாரர்

குஜராத்துக்கு மாற்றலாகி வரும் நம் ஊர்க் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்துவிடும். ஒன்று, இங்கே ஓட்டல் சாம்பார் இனிக்கும். இரண்டு, போர் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. முதலாவதற்கு மருந்து கிடையாது :-) இரண்டாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் சமையலறையைத் தங்கமணியிடம் விட்டுவிட்டு பாத்ரூம் பக்கம் போகலாம்.

பருப்பை வேகவிடாத அதே தண்ணீர்தான் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகக் கோடு போடுகிறது, ஷவரின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்கிறது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் கீசருக்குள் நடக்கிறது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தேய்மானம் என்ற சொல்மேல் தனிப் பாசம் உண்டு. கீசர் தொட்டிக்குள், தேய்ந்து போவதற்கென்றே ஒரு கம்பியை வைத்து அனுப்புகிறார்கள் என்று படித்த நாளிலிருந்து, அந்தக் கம்பியின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தோண்டினால் அது பாத்ரூமில் தொடங்கவே இல்லை. கப்பலின் அடிவயிற்றில் தொடங்குகிறது.

மரக் கப்பல் காலத்தில் பெரிய எதிரி பீரங்கி அல்ல, கப்பல் புழு. வெப்பக் கடல்களில் அது மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்து, புழுக்கள் அதிகமுள்ள மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் அனுப்பிப் பார்த்தது. புழு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் 1763-ல் கப்பலைப் பரிசோதித்தபோது, தகட்டை மரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. ஏன் என்று பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அந்த இடங்களில் கிழித்து எடுக்காமல் விட்டிருந்தார்கள்! இரும்புக்கும் செம்புக்கும் நடுவே ஒரு காகிதம் இருந்த இடத்தில் ஆணி பிழைத்தது, இல்லாத இடத்தில் செத்தது. இரும்பும் செம்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. காரணம் தெரிய, வோல்ட்டா 1800-ல் தன் மின்கல அடுக்கைச் செய்துகாட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர், உடனே மின்சாரம். கப்பலின் அடியில் நடந்ததும் அதேதான்.

அந்த மின்கலத்தைக் கையில் எடுத்து விளையாடியவர்களில் முக்கியமானவர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கால் நம் பள்ளிப் பாடத்தில் வருகிறாரே, அவர்தான். 1808-ல் மின்சாரத்தைப் பாய்ச்சி அவர் பிரித்தெடுத்த உலோகங்களில் இரண்டு கால்சியமும் மெக்னீசியமும். கீசர் கதையில் இதை எங்கே சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் நம் கீசருக்குள் சுண்ணாம்பாகப் படிந்து கழுத்தறுப்பது கால்சியம், அந்தத் தொட்டிக்காக உயிரை விடுவது மெக்னீசியம். வில்லனையும் கதாநாயகனையும் ஒரே ஆள், ஒரே வருடத்தில் அறிமுகம் செய்திருக்கிறார்.

சரி, கப்பலுக்கு வருவோம். செம்பு புழுவை விரட்டினாலும், கடல்தண்ணீர் செம்பையே தின்றது. தகடு மாற்றும் செலவு தாங்காமல் கடற்படை டேவியிடம் வந்தது. அவர் 'அலார்ம்' கப்பலின் கதையைத் தலைகீழாகத் திருப்பினார். அங்கே இரும்பு செத்ததால் செம்பு பிழைத்தது என்றால், சாவதற்கென்றே கொஞ்சம் இரும்பையோ துத்தநாகத்தையோ நாமே வைத்துவிட்டால் என்ன? 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் இதைப் படித்தார். பட்டாணி அளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றும் என்பது அவர் கண்ட கணக்கு.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், கடன் வாங்கியவர் செம்பு, வசூலுக்கு வருகிறவர் கடல்தண்ணீர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் துத்தநாகம். ஒரே வித்தியாசம், இங்கே வசூலுக்கு வருகிறவர் கடன் வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டுவதே இல்லை. நேராக ஜாமீன்தாரர் வீட்டுக்குத்தான் போவார். அவர் சொத்து முழுக்கக் கரைந்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

பெரிய அளவில் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட கப்பல்களில் ஒன்று 'சமராங்'. நம் பக்கத்துக் கப்பல், கொச்சியில் கட்டி 1822-ல் கடலில் இறக்கியது. அதன் அடியில் இரும்புக் கட்டிகளைப் பொருத்தி, கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை அனுப்பினார்கள். 1825 தொடக்கத்தில் திரும்பி வந்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. டேவி ஜெயித்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. காப்புக் கட்டி வைத்த கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் கொத்துக் கொத்தாக ஒட்ட ஆரம்பித்தன. கப்பல் வேகம் குறைந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் வரும் விஷம்தான் அதுவரை இந்த ஜீவன்களை அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவதை நிறுத்தியதும் அடிப்பாகம் அவற்றுக்குச் சத்திரமாகிவிட்டது. 1825-லேயே கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புக் கட்டிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களிலிருந்தும் 1828-ல் எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அடுத்த வருடம் டேவி இறந்துபோனார். விஞ்ஞானம் சரி, முடிவும் சொன்னபடியே வந்தது, ஆனாலும் திட்டம் தோல்வி. வங்கியில் இந்த மாதிரித் திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் டேவிமேல் எனக்கு அனுதாபம் அதிகம். இந்தச் சோதனைகளில் கூட இருந்த அவருடைய உதவியாளர் மைக்கேல் ஃபாரடே, 1834-ல் 'ஆனோட்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கீசர் மிஸ்திரி 'ஏனோட் ராட்' என்று சொல்வது அந்தச் சொல்லைத்தான்.

இனி வெந்நீர். 'கீசர்' என்ற பெயர் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே பூமியிலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் கெய்சிர். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், குழாயைத் திறந்த கையோடு வெந்நீர் தரும் கேஸ் கருவியைச் செய்து அந்தப் பெயரை வைத்தார். அதில் எரிந்த புகை வெளியே போக வழி இல்லை. ஒரு அவசரத் தகவல், சரித்திரத்தைவிட முக்கியம்: ஜன்னல் இல்லாத பாத்ரூமில், புகைக்குழாய் இல்லாத கேஸ் கீசரை மாட்டிக்கொண்டு குளிப்பது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுவதை வலிப்பு நோய் என்று தவறாக எடுத்துக்கொண்ட சம்பவங்களை நம் நரம்பியல் மருத்துவர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வாடகை வீட்டில் பாத்ரூமுக்குள் அப்படி ஒன்று இருந்தால், கீசரை வெளியே மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்வரை அடுப்பில் தண்ணீர் வைத்துக் குளியுங்கள்.

மாகனின் கருவியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தேங்காது. நார்வேயிலிருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குப் போய்க் குடியேறிய எட்வின் ரூட் என்ற இன்ஜினியர் 1889-ல் தானாகவே சூடேறி நிற்கும் சேமிப்புத் தொட்டி வகை ஹீட்டரை உருவாக்கினார். சௌகரியம்தான். ஆனால் ராத்திரி பகலாக வெந்நீர் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தொட்டி என்றால் துரு தன் வேலையைக் காட்டாமல் இருக்குமா?

நம் பாட்டி வீட்டு வெந்நீர் பாய்லருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. நடுவே கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர், மொத்தமும் செம்பு. இங்கே குஜராத், மகாராஷ்டிரத்தில் 'பம்ப்' என்பார்கள், பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். புளி போட்டுத் தேய்த்தால் வெளியே பளபளப்பு, உள்ளே படிந்த சுண்ணாம்பைத் தட்டி எடுத்தால் வேலை முடிந்தது. செம்பு தன் காலில் தானே நிற்கும், ஜாமீன்தாரர் தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு செம்பில் தொட்டி செய்தால் விலை எங்கே கட்டுப்படியாகும்? அதனால்தான் இரும்பு.

இரும்புக்குத் துத்தநாகம் பூசிப் பார்த்தார்கள். டேவியின் யோசனைதான், கட்டிக்குப் பதில் பூச்சாக. அங்கே வேறொரு சிக்கல். சில வகைத் தண்ணீரில் சூடு சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் துத்தநாகமும் இரும்பும் இடம் மாறிக்கொள்கின்றன. ஜாமீன்தாரர் கைவிரித்துவிட்டு, கடனாளியைக் காட்டிக்கொடுத்துவிடுவார். அடுத்த வழி கண்ணாடிப் பூச்சு. மில்வாக்கி பீருக்குப் பேர்போன ஊர். அங்கே பீர் தொட்டிகளுக்கு உள்ளே கண்ணாடி உருக்கிப் பூசிப் பழகிய ஏ.ஓ. ஸ்மித் நிறுவனம், 1936-ல் அதையே வெந்நீர்த் தொட்டிக்குச் செய்யக் காப்புரிமை வாங்கியது. கண்ணாடியைத் தண்ணீர் அரிக்காது. ஆனால் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் ஊசிமுனை அளவில் எங்காவது விட்டுப்போகும். துரு அந்த ஓட்டையைத்தான் தேடி வரும். அதைக் காவல் காக்க, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்னீசியக் கம்பி வழக்கத்துக்கு வந்தது. கப்பலில் தோற்ற யோசனை தொட்டியில் ஜெயித்தது. தொட்டிக்குள் கொட்டலசு ஒட்டாது அல்லவா?

அந்தக் கம்பியை உண்மையிலேயே வருடா வருடம் கண்ணால் பார்ப்பவர்கள் யார் என்று தேடினால், வீட்டுக்காரர்கள் இல்லை, கேம்பர்காரர்கள். கேம்பர் என்றால் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. அலுமினிய உடம்பு பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' 1936-ல் சொந்தத் தண்ணீர் வசதியோடு வந்தது. பின்னாளில் இந்த வண்டிகளுக்கென்றே சின்ன ஹீட்டர்கள் வந்தன. பரவலான அளவு 6 காலன், நம் கணக்கில் ஏறக்குறைய 23 லிட்டர், கிட்டத்தட்ட நம் வீட்டு கீசர்தான்.

அமெரிக்க, கனடியக் குளிரில் வண்டியை நிறுத்திவைத்தால் தொட்டித் தண்ணீர் உறைந்து, விரிந்து, தொட்டியையே பிளந்துவிடும். அதனால் குளிர் தொடங்கும் முன் தண்ணீரை வடித்தே ஆக வேண்டும். 'சபர்பன்' வகை ஹீட்டரில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: மெக்னீசியக் கம்பி, வடிகால் திருகோடு சேர்ந்தே இருக்கும். தண்ணீரை வடிக்கத் திருகைக் கழற்றினால் கம்பியும் கையோடு வந்துவிடும். பார்க்காமல் தப்பிக்க முடியாது. புதிதாக இருந்தபோது கட்டைவிரல் தடிமன், இப்போது கரையான் அரித்த குச்சி மாதிரி. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிதைப் போட்டுவிடுவார்கள்.

அவர்கள் செய்யும் முறையில் அவசரமே கிடையாது. முதலில் கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைப்பது. தண்ணீர் முழுக்க ஆறும்வரை காத்திருப்பது. வெந்நீர்க் குழாயைத் திறந்து, பாதுகாப்பு வால்வின் நெம்பையும் தூக்கி, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே திருகில் கைவைப்பது. (இந்த வரிசை மாறினால் வெந்நீர் முகத்தில்தான் அடிக்கும்.) திருகு வந்ததும் தண்ணீரோடு வெள்ளை ஓடுகள் கொட்டும். நீளமான மெல்லிய குழாயை உள்ளே விட்டு மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சிக் கழுவுவார்கள். அதற்கும் அசையாத சுண்ணாம்புக்கு வெள்ளை வினிகர். தண்ணீரோடு கலந்து நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிட்டால், சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது, கம்பியின் மரையில் வெள்ளை டேப் சுற்றி மறுபடி திருகுவது. தொட்டி நிரம்பி, குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை ஹீட்டரைப் போடக் கூடாது. காலித் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் சில நொடிகளில் கருகிவிடும்.

'அட்வுட்' என்ற இன்னொரு வகைக்கு அலுமினியத் தொட்டி. அதில் கம்பி கிடையாது, வடிகால் திருகும் நைலான். அந்த இடத்தில் வேறு உலோகம் அலுமினியத்தைத் தொடும் பேச்சே இல்லை. 'அலார்ம்' கப்பலின் பழுப்புக் காகிதம்தான் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

டேவியைத் தோற்கடித்த சங்கதி இங்கேயும் விடவில்லை. சில ஊர்த் தண்ணீரில் கந்தகச் சத்தைத் தின்று வாழும் பாக்டீரியா உண்டு. வண்டி பல நாள் நின்று, தேங்கிய தண்ணீரில் மெக்னீசியமும் கரைந்துகொண்டிருந்தால், அதற்குக் கொண்டாட்டம். வெந்நீரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். கம்பி தன் வேலையைச் செய்கிறது, அந்த வேலை இன்னொரு ஜீவனுக்கு விருந்தாகிறது, அவ்வளவுதான். குளோரின் கலந்து தொட்டியைக் கழுவுவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் அலுமினிய-துத்தநாகக் கலவைக் கம்பிக்கு மாறுவார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்தியக் குடிநீர்த் தரநிலை (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. அது குடிக்கிறவனுக்குச் சொன்ன அளவு. சூடாக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியே வந்து, மிகச் சூடான இடமான எலிமெண்ட் மேலேயே முதலில் உட்காரும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் எலிமெண்டையே சுடும். கீசருக்குள் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், படிவின் அடியில் சிக்கிய தண்ணீர் கொதிக்கிறது என்று அர்த்தம். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், ஆகவே கம்பியும் வேகமாகக் கரையும். அமெரிக்கக் குளிர் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால், கீசர் பரணுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒழுகும் நாளில்தான் நிமிர்ந்து பார்ப்போம்.

எங்கள் குடியிருப்பில் போன குளிர்காலத்தில் இப்படி ஒரு பஞ்சாயத்து. மூன்று வருட மாற்றலில் வந்த கோயமுத்தூர்க் குடும்பம், வாடகை வீடு. காலி செய்யும் சமயம் பார்த்து கீசர் தொட்டி ஓட்டை. நீங்கள்தான் கெடுத்தீர்கள், முன்பணத்தில் பிடித்துக்கொள்வேன் என்கிறார் வீட்டுக்காரர். குளித்ததைத் தவிர நான் என்ன சார் செய்தேன் என்கிறார் இவர். வங்கிக்காரன் நியாயம் சொல்வான் என்று இரண்டு பேரும் என்னைக் கூப்பிட்டார்கள். மிஸ்திரியை வைத்துத் திறக்கச் சொன்னேன். அரை பக்கெட் வெள்ளை ஓடு கொட்டியது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில், மெக்னீசியம் முழுக்கக் கரைந்து, நடுவிலிருந்த மெல்லிய இரும்பு நரம்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீசர் வாங்கி ஏழு வருடம், ஒரு முறைகூட மாற்றவில்லை என்று வீட்டுக்காரரே சொன்னார். ஜாமீன்தாரர் எப்போது செத்தார், அப்போது குடியிருந்தது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதிப் பாதி என்று முடித்துவைத்தேன். இரண்டு பேருக்கும் திருப்தியில்லை, அதனால் தீர்ப்பு சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும் :-)

அன்றிலிருந்து தெரிந்தவர்கள் யார் வீடு பார்த்தாலும், வாடகை ஒப்பந்தத்தில் கீசர் சர்வீஸ் யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். போர் தண்ணீர் என்றால் வருடம் ஒரு முறை, தீபாவளி முடிந்து குளிர் வருவதற்கு முன் திறந்து பார்ப்பது நல்லது. வீட்டு கீசரில் கம்பி பெரும்பாலும் எலிமெண்ட் பொருத்திய தட்டிலேயே இருக்கும். மின்சாரம் சம்பந்தப்பட்டது, நாமே கழற்ற வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு மிஸ்திரி செய்யட்டும், நாம் பக்கத்தில் நிற்போம். சர்வீஸ் என்ற பெயரில் வெளியே துடைத்துவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய. ஆகவே அவர் ஏணியில் ஏறும்போதே, "பையா, மெக்னீசியம் ராட் நிகால் கே திகாவோ" என்று சொல்லிவிடுங்கள். அப்படியே பக்கத்திலிருக்கும் பாதுகாப்பு வால்வையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் வாயையும் இதே சுண்ணாம்பு அடைக்கும்.